கோயில் படிக்குச் சலுகை, பாட்டி படிக்கு?

நீங்கள் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பேர்பெற்ற ஒரு கோயிலில் பிராகாரப் படிகள் தேய்ந்துவிட்டன. திருப்பணிக்கு 20,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். அந்தக் கோயில் மத்திய அரசின் அறிவிக்கையில் இடம்பெற்றிருந்தால், கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் வழிவிடுகிறது. கோயிலுக்கு மட்டுமல்ல, மசூதிக்கும் தேவாலயத்துக்கும் குருத்வாராவுக்கும் அது உண்டு. அதே 20,000 ரூபாயில் உங்கள் வீட்டிலிருக்கும் 78 வயது அம்மாவுக்காக பாத்ரூம் தரையை வழுக்காத டைல்ஸாக மாற்றி, சுவரில் கைப்பிடி பதித்து, வாசற்படிக்கட்டுக்கு ஒரு பக்கமாவது கம்பி போடுகிறீர்கள். அதற்கென்று சட்டத்தில் ஒரு சலுகைகூடக் கிடையாது.

கடவுளுக்கு மூட்டுவலி வருமா என்று நான் கேட்கப் போவதில்லை. பழைய கோயில்கள் சிற்பிகளின் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சண்டையில்லை. என் கேள்வி வரிசையைப் பற்றியது. எங்கும் நிறைந்தவர் என்று நீங்களே சொல்கிறவருக்கு ஒரு படி தேய்ந்தால் என்ன குறைந்துவிடும்? இரவு இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்த கிழவிக்கு ஒரு படி தவறினால் போதும், மிச்சமிருக்கும் வாழ்நாள் கட்டிலோடு முடிந்துவிடும். இந்த இருவரில் யாருடைய வீட்டுப் பழுது அவசரம் என்பதை முடிவு செய்ய நாத்திகம்கூடத் தேவையில்லை, கொஞ்சம் கூச்சம் இருந்தால் போதும்.

முதியோரை மதிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்கிறோம். அந்த மதிப்பை எங்கே காட்டுகிறோம் என்று பாருங்கள். அறுபது முடிந்தால் திருக்கடையூருக்குப் போய் மணிவிழா. எழுபதுக்கு ஒரு சாந்தி. எண்பது தாண்டினால் சதாபிஷேகம். மகன், மகள், மருமகன், பேரன் என்று வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் கொட்டுகிறார்கள். போட்டோக்காரர் அதை எல்லாக் கோணத்திலும் எடுக்கிறார். அந்தத் தண்ணீர் வழிந்தோடும் தரையில் அந்த எண்பது வயதுக் கால்கள் எப்படி எழுந்து நிற்கும் என்பதை யாரும் எடுப்பதில்லை. காலில் விழுந்து எழுகிற கூட்டத்தில் ஒருவராவது அந்தக் கால் மறுநாள் காலை எந்த ஈரத்தில் நிற்கப் போகிறது என்று நினைத்துப் பார்ப்பாரா?

நீலகிரியை எடுத்துக்கொண்டு பேசுவோம். அந்த மலையின் படகர் சமூகம் கொண்டாடும் பெருந்தெய்வம் ஹெத்தை அம்மன், தெய்வமாக்கப்பட்ட ஒரு முன்னோர் மூதாட்டி. கோத்தகிரி பக்கத்துப் பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் மார்கழி, தை ஒட்டி நடக்கும் அந்தத் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வெள்ளை உடுத்திய பக்தர்கள் மலைப்பாதையில் வெகுதூரம் நடந்து போகிறார்கள். கிழவியைக் கடவுளாகக் கும்பிடுகிற மண்ணைப் பார்த்துக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆண் தெய்வங்கள் வேலும் வில்லுமாக நிற்கும் நாட்டில் ஒரு மூதாட்டியை உச்சியில் வைத்த சமூகம் மரியாதைக்குரியது. ஆனால் அந்த நியாயத்தை நான் அப்படியே திருப்பிப் பிடிக்கிறேன். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட, பச்சைத்தேயிலை விலையைப் பேசிக்கொண்டு ஹட்டி எனும் படகர் கிராமத்தில் தனியாக இருக்கும் ஒவ்வொரு வீட்டுப் பாட்டியின் குளியலறைச் சுவரும் காலியாகத்தானே இருக்கிறது? ஹட்டி மட்டுமா? குன்னூர் பெட்போர்டில், ஊட்டி காந்தலில், அரவங்காடு கார்டைட் பேக்டரியில் ஓய்வு பெற்றவர் வீட்டில், இந்துநகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சாலையே மூடிப்போனதைக் கண்ணால் பார்த்தவர் வீட்டில் மட்டும் வேறு கதையா?

விழுதல் என்பது நமக்கு இன்னும் விதியின் இலாகாவில் இருக்கிறது. "நேரம் சரியில்லை", "ஏழரை நடக்குது", "வயசானா இப்படித்தான்". உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். செத்துப்போகிறவர்களில் பெரும்பங்கு 60 வயது தாண்டியவர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். சனி பகவான் ஏழை நாடுகளை மட்டும் தேடிப் பிடிக்கிறாரா? ஈரத் தரை, மங்கிய பல்பு, புரை விழுந்த கண், தேய்ந்த ரப்பர் செருப்பு, தூக்கம் வர வைக்கும் மாத்திரை, பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத சுவர். காரணங்கள் இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் கடையில் மாற்று இருக்கிறது. பரிகாரத்துக்குத் திருநள்ளாறு போகும் பஸ் செலவில் கைப்பிடி வாங்கிவிடலாம்.

வாஸ்து என்றால் மட்டும் நமக்குச் சுவர் இடிக்கப் பணம் வந்துவிடுகிறது. ஈசான்ய மூலையில் கழிப்பறை கூடாது என்று எவனோ சொன்னான் என்பதற்காகக் குழாயையும் தொட்டியையும் பெயர்த்து எதிர்மூலைக்குக் கொண்டுபோன வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வேலை நடக்கும்போதே கதவை அரை அடி அகலமாக வைத்தால் நாளைக்குச் சக்கர நாற்காலி நுழையும் என்று சொல்லிப் பாருங்கள். "அபசகுனமா ஏன் பேசுறீங்க" என்பார்கள். நிலைப்படி இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கோலம் போட்டுக் கும்பிடுகிற அந்த மரக்கட்டைதான் பாதத்தை உயர்த்த முடியாத முதியவர்களைத் தடுக்கும் முதல் எதிரி. அதை அறுத்துச் சமப்படுத்தினால் லட்சுமி போய்விடுவாள் என்று பயப்படுகிறார்கள். லட்சுமி தாண்டி வரக்கூடியவள் என்றால் தட்டையான தரையிலும் வருவாள். பாட்டியால்தான் முடியாது.

மலையில் இந்தச் சங்கதி இரட்டிப்பாகிறது. சமவெளியில் வீடு தெருவோடு இருக்கும். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடு தெருவுக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். நடுவில் கல்லடுக்குப் படிகள், ஒன்று ஒரு சாண், அடுத்தது முழங்கால் உயரம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு. இடையில் படியெல்லாம் பாசி. நவம்பர் தாண்டினால் உறைபனி. குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு சிவப்பு ஆக்சைடு தரையில் நடப்பது எப்படி இருக்கும் என்று இளவயதுக்காரர்கள் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். வெந்நீர் இல்லாமல் இங்கே குளிக்க முடியாது. விறகடுப்பில் காய்ந்த அண்டாவிலிருந்து வாளியில் மொண்டு, ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறுகையால் சால்வையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே இருக்கும் குளியலறைக்குப் போகிற எழுபது வயதுக்காரிக்கு மூன்றாவது கை ஒன்று இருந்தாலும் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இதற்குச் சென்னையில் உட்கார்ந்து எழுதிய தீர்வு "சாய்தளம்" என்பது. அரசு வழிகாட்டு விதிப்படி சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீள வேண்டும். சாலையிலிருந்து பத்தடி கீழே இருக்கும் வீட்டுக்கு 120 அடிச் சாய்தளம் போட்டால் அது பக்கத்து வீட்டுக்காரர் கேரட் தோட்டத்தில் போய்த்தான் முடியும். மலைக்கு வேண்டியவை வேறு. படிகளை ஒரே உயரமாக, ஆறு அங்குலத்துக்கு மிகாமல் திருத்த வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி வேண்டும். படியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் கோடும், மூடுபனியில் எரியும் ஒரு விளக்கும் வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள் வர வேண்டும். இவை பெரிய பொறியியல் இல்லை. ஊர்க் கொத்தனாரும் வெல்டிங் கடைக்காரரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

முடிகிற வேலையை முடிக்காமல், முறிந்த பிறகு செலவழிப்பதில் நம் அரசுகளுக்குக் குறையே வைக்க முடியாது. 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. மிக நல்ல காரியம். எலும்பு முறிந்தவரை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கோவை வரை உருட்டிக்கொண்டு போன காலத்தை அறிந்தவர்கள் அதன் அருமையைச் சொல்வார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அதாவது பாட்டியின் இடுப்பு உடைந்தால் ஐந்து லட்சம் வரை கொடுக்கத் தயார். உடையாமலிருக்க இரண்டாயிரம் ரூபாய்க் கம்பிக்குத் தலைப்பு இல்லை. ஏழை முதியோருக்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் தரும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. சக்கர நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அது நுழைய முடியாத கதவை அப்படியே விட்டுவிடுகிற திட்டம் அது.

வரிச் சட்டமும் இதே புத்தியோடுதான் நடக்கிறது. பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கான மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு. பேங்க் வட்டிக்கு இன்னொரு 50,000. புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கு ஒரு லட்சம் வரை. சார்ந்திருப்பவருக்கு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் இருந்தால் 75,000, கடும் ஊனமென்றால் 1,25,000. தேய்ந்த முழங்காலும் மங்கிய கண்ணும் 40 சதவீதத்தைத் தொடுவதற்குள் அந்த ஆள் விழுந்திருப்பார். வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால் வட்டியில் 30,000 வரை கழிவு உண்டு. கடனில்லாமல் சேமிப்பிலிருந்து செலவழித்தால் அதுவும் இல்லை. நோயைக் கழித்துக்கொள்ளலாம், வட்டியைக் கழித்துக்கொள்ளலாம், கடனைக் கழித்துக்கொள்ளலாம். விழாமல் பார்த்துக்கொண்டால் கழிவு இல்லை. 2024 பிப்ரவரியில் நிதி ஆயோக் முதியோர் பராமரிப்புச் சீர்திருத்தங்கள் பற்றி வெளியிட்ட ஆவணமே இந்தத் துறைக்கு வரிச் சீர்திருத்தம் வேண்டும் என்றது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் எழுந்து, "அப்படியென்றால் வீட்டை முதியோருக்கு ஏற்றபடி மாற்றும் செலவுக்கும் ஒரு வரிக் கழிவு கேட்போம்" என்பார். நானும் கை தட்டுவேன், தட்டிக்கொண்டே கணக்குப் போடுவேன். 20,000 ரூபாய் செலவுக்குக் கழிவு கிடைத்தால், 30 சதவீத வரி அடுக்கில் இருக்கும் குன்னூர் பங்களாக்காரருக்கு 6,000 ரூபாய் மிச்சம். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 4,000. வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியருக்குச் சுழி. அதே கம்பி, அதே டைல்ஸ், அதே தவறி விழும் கால். பணம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உதவி. இதற்கு மேல் ஒரு செய்தி: 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது. இந்தக் கழிவுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அங்கே இடமில்லை. பென்ஷன்காரர்களில் பெரும்பான்மையினர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஆக, வெறும் வரிக் கழிவு கேட்பது என்பது, சொந்த பங்களாவும் கொழுத்த வருமானமும் உள்ளவர்களுக்காக மற்றவர்கள் போடும் கோஷம்.

"ஏழை வரி கட்டுவதில்லை, அவனுக்கு எப்படி வரிச்சலுகை" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டைல்ஸுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் வரை 28, இப்போது 18. 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை வாங்குகிற பாட்டி அதில் சிமெண்ட் மூட்டை வாங்கினால், அவள் கட்டும் வரி விகிதமும் எஸ்டேட் முதலாளி கட்டும் விகிதமும் ஒன்றுதான். வாங்கும்போது சமமாக வாங்குகிறோம், திருப்பித் தரும்போது மட்டும் பான் கார்டு கேட்கிறோம்.

வெளிநாடுகள் இந்த மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டன. கனடா 2016இல் 65 வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டை மாற்றியமைக்க ஆகும் செலவுக்கு வரித் தள்ளுபடி கொண்டுவந்தது. முதலில் 10,000 டாலர் வரையிலான செலவுக்கு, 2022இலிருந்து 20,000 வரை. ஆனால் கட்ட வேண்டிய வரியில்தான் அது கழியும், வரி இல்லையென்றால் அதுவும் இல்லை. அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வேறு மாதிரி செய்தது. 10,000 டாலர் செலவில் பத்து சதவீதம், வரி கட்டாதவருக்கும் கையில் பணமாகவே திரும்பும். ஒரே நாட்டுக்குள் இரண்டு அறம். ஜப்பான் வரி என்ற பேச்சையே விட்டுவிட்டு, 2000இல் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து இரண்டு லட்சம் யென் வரையிலான வேலைக்குப் பணம் தருகிறது. பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கு மட்டும் கட்டினால் போதும். எந்தெந்த வேலைக்கு என்பதைப் பாருங்கள்: கைப்பிடி பொருத்துதல், தரை உயர வேறுபாட்டை நீக்குதல், வழுக்காத தரை, தள்ளுகதவு, குந்தும் கழிப்பறையை உட்காரும் கழிப்பறையாக்குதல். நம் அத்தைக்கும் அப்பத்தாவுக்கும் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல் போல் இல்லையா? சிங்கப்பூரில் வீட்டு வசதி வாரியம் 2012 முதல் அடுக்குமாடி முதியோர் வீடுகளில் கைப்பிடியும் வழுக்காத் தரையும் போட்டுத் தருகிறது. வீட்டுக்காரர் கட்டுவது செலவில் ஐந்திலிருந்து பன்னிரண்டரை சதவீதம்தான். அங்கே நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. கைப்பிடி வந்ததால் எந்த வீட்டிலும் பாசம் குறைந்ததாகச் செய்தி இல்லை.

பாசம் என்றவுடன் அடுத்த ஆட்சேபம் வந்து நிற்கும். "பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. அரசுக்கு என்ன வேலை?" பிள்ளையின் கடமை என்பதை 2007ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கோட்டாட்சியர் நடுவராக உட்காருகிறார், மாதம் 10,000 ரூபாய்க்குள் ஜீவனாம்சம் விதிக்கலாம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் எல்லாம் அதில் அடக்கம். பிள்ளைமேல் மனு கொடுக்க எத்தனை தாய்மார் படியேறுவார்கள்? அந்தப் படிக்கும் கம்பி வேண்டும் என்பது தனிக் கதை. கடமை குடும்பத்துக்கு மட்டும் என்றால், சாமிக்குத் திருப்பணி செய்வதும் பக்தனின் கடமை மட்டும்தானே? அதில் மட்டும் அரசு ஏன் பாதி புண்ணியத்துக்குப் பங்கு போடுகிறது?

இதைவிடக் கடினமான ஆட்சேபம் முதியவர்களிடமிருந்தே வருகிறது. "எனக்கெதுக்குப்பா வீண் செலவு, இன்னும் எத்தனை நாளைக்கு." எல்லா வீட்டிலும் கேட்ட குரல் இது. இதைத் தியாகம் என்று நாம் மெச்சுகிறோம், சொந்தக்காரர்களிடம் பெருமையாகவும் சொல்கிறோம். அறுபது ஆண்டுகள் கடைசியில் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, நல்ல தட்டை மற்றவருக்கு வைத்துப் பழக்கப்பட்ட ஒரு பெண், தன் இடுப்பெலும்பையும் மிச்சமாகத்தான் கருதுவாள். அவள் வேண்டாம் என்பதை அவள் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, செலவில்லை. ஆண்களுக்கு வேறு மாதிரி. வெலிங்டன் ராணுவ முகாமில் அணிவகுப்பு நடத்திய கால் கைப்பிடியைப் பிடிப்பதா என்ற ரோஷம். "வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும், பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்பது மருமகளின் கவலை. பெரியார் கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயோடும் பாத்திரத்தோடும் வேனில் ஊர் ஊராகப் போனார். 94 வயதில், 1973 டிசம்பரில், சாவதற்குச் சில நாள் முன்புவரை மேடையில் பேசினார். உடம்பு தளர்ந்தது என்பதை அவர் மறைக்கவும் இல்லை, அதைக் கடவுள் செயல் என்று ஒப்பவும் இல்லை. தளர்ந்த உடம்புக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொண்டு வேலையைப் பார்த்தார். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் பகுத்தறிவாளர் வீடுகளில் எத்தனை வீட்டுக் குளியலறையில் கைப்பிடி இருக்கிறது என்றும் எண்ணிப் பார்க்கலாம். நம்மையும் விட்டுவிடக் கூடாது அல்லவா.

இதுவரை பேசியதெல்லாம் சொந்தச் சுவர் உள்ளவர்களைப் பற்றி. மலையின் முதுகெலும்பு யார்? கொழுந்து பறித்தவர்கள். அவர்களுடைய சுவர் அவர்களுடையது அல்ல.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று எஸ்டேட் முதலாளிமேல் கடமையை வைத்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்தபோதும் வீட்டுக் கடமை கூடவே வந்தது. ஆனால் கடமை தொழிலாளிக்குத்தான். வேலை முடிந்தால் லைன் வீடும் முடிந்தது. அதனால்தான் மலையெங்கும் ஒரே கணக்கு நடக்கிறது: அம்மா ரிட்டையர் ஆகும்போது மகளோ மருமகளோ பேரெழுதிக் கூடையைத் தோளில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். நாற்பது வருஷம் சரிவில் நின்று முழங்காலைத் தேய்த்தவள், அதன் பிறகு மருமகளின் வேலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் விருந்தாளி. அவள் விழுகிற வாசற்படியைத் திருத்த வேண்டியது யார்? எஸ்டேட்டைக் கேட்டால் அவர் எங்கள் தொழிலாளி இல்லையே என்பார்கள். மருமகளைக் கேட்டால் வீடு எங்களுதில்லையே என்பாள். வருமான வரித் துறையைக் கேட்கவே வேண்டாம். குறைந்தபட்சத் தொழிலாளர் ஓய்வூதியம் 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாய் என்று நிற்கிறது. அந்த ஆயிரத்தில் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது, அடிக்க உரிமையும் இல்லை.

இவர்களில் ஒரு பகுதியினர் வந்த கதையையும் சேர்த்துப் பாருங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதினார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமாகி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. எழுபதுகளில் இருபது வயதில் கடலைத் தாண்டி வந்து இறங்கிய பெண்ணுக்கு இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ வயது. ஒரு நாடு வேண்டாம் என்றது, இன்னொரு நாடு மலையைத் திருத்தச் சொன்னது. 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுப்பதாக அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவது என்ற கேள்வி மறுபடி தெருவுக்கு வந்தது. அவர்களுக்கு வீடுகள் கட்டித் தருவதாக அரசு சொன்னது. அந்த வீடுகள் எழுபது வயதுக்கு ஏற்ற வீடுகளா, அல்லது எழுபது வயதுக்காரரை அடைக்கப்போகும் மாடிவீடுகளா என்று கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் வழி தெரியாமலில்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டியவர்களின் வாசலுக்கே ரேஷன் அரிசி போகத் தொடங்கியது. கடை வரை நடக்க முடியாது என்பதை அரசு ஒப்புக்கொண்டாயிற்று. கடை வரை நடக்க முடியாதவர் கழிப்பறை வரை மட்டும் எப்படிப் பறந்து போவார்? 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்கவும் சர்க்கரை மாத்திரை கொடுக்கவும் ஊழியர்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு தாளைக் கொடுங்கள். படியின் உயரம், விளக்கு, கைப்பிடி, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று நாலு கட்டம் போதும். அரசு கட்டிக்கொடுத்த பழைய கிராமப்புற வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். கூரைக்குப் பணம் ஒதுக்கும் கை கம்பிக்கும் ஒதுக்கட்டும். பொய் பில் போட்டுவிடுவார்களே என்றால், ஜப்பானில் வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் கேட்கிறார்கள். நம் ஊரில் நூறு நாள் வேலைக்கே ஆள் நிற்கும் போட்டோ கேட்ட அரசுக்கு இது புதிதில்லை. சொந்தமாகச் செலவழிக்க முடிந்தவருக்கு நகராட்சி, ஊராட்சி வீட்டு வரியில் ஒரு தொகையைக் குறைக்கலாம். முடியாதவருக்குக் குறைக்க வரியில்லை, கம்பியாகவே கொடுத்துவிட வேண்டும். சுவர் யாருடையதாக இருந்தாலும், உள்ளே 60 வயதுக்காரர் இருந்தால் கைப்பிடி பதிக்க உரிமையாளர் மறுக்க முடியாது என்று ஒரு விதி சட்டத்தில் சேர வேண்டும். எஸ்டேட்டுக்கு அந்த விதி இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

இதற்கெல்லாம் நாள் ஆகும், டெல்லி அசைய வேண்டும், ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட வேண்டும் என்பார்கள். ஆகட்டும். ஆனால் டான்டீ லைன் வீடுகளுக்கு எதுவும் அசைய வேண்டியதில்லை. அங்கே முதலாளியும் அரசு, வீட்டுக்காரரும் அரசு, ஓய்வு பெற்றவர் யார் எந்த லைனில் இருக்கிறார் என்ற பட்டியலும் அரசின் அலமாரியிலேயே இருக்கும். தென்மேற்கு மழை தொடங்குவதற்கு முன் குன்னூர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வந்தால் போதும்.